செங் பெங்: சீனக் குடும்பத்தோடு கல்லறைக்குப் போகிறவர்களுக்கு முழு வழிகாட்டி

மார்ச் மாதம் பாதி தாண்டியதும் குடும்ப வாட்சப் குழுவில் ஒரு கேள்வி வரும்: “போன வருடம் பாராங் கத்தியை யார் எடுத்துப் போனது?” சீனக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவர்களுக்கு இதுதான் செங் பெங், அதாவது முன்னோர் கல்லறையைச் சுத்தம் செய்து படையல் வைக்கும் நாள், தொடங்குவதற்கான மணி. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் தமிழ்–சீனக் கல்யாணங்கள் நிறைய நடக்கின்றன. ஆனால் கல்லறைக்குப் போகும் நாளில் என்ன செய்ய வேண்டும் என்று மருமகனுக்கோ மருமகளுக்கோ யாரும் உட்காரவைத்துச் சொல்லித் தருவதில்லை. பார்த்துத்தான் கற்றுக்கொள்ள வேண்டும். நான் பினாங்கில் ஒரு ஹொக்கியன் குடும்பத்து மருமகள். எங்கள் வீட்டு வழக்கத்தை வைத்தே எழுதுகிறேன். கண்டோனியர், தியோச்சூ, ஹக்கா போன்ற மற்ற சீனப் பிரிவினர் வீடுகளில் கொஞ்சம் கொஞ்சம் மாறும். ஏன், அண்ணன் வீட்டுக்கும் தம்பி வீட்டுக்குமே மாறும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு சாமி கும்பிடும் நேரம் குறைவு, உடல் உழைப்புதான் அதிகம். கல்லறையை முன்னோரின் வீடாகவே நினைக்கிறார்கள். வருடத்துக்கு ஒருமுறை போய், வீட்டைச் சுத்தம் செய்து, கூப்பிட்டுச் சாப்பாடு வைத்து, செலவுக்குப் பணம் கொடுத்து, சொல்லிக்கொண்டு திரும்புவார்கள். இந்த வரிசையை மனதில் வைத்தால் போதும், மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

நாள் பார்ப்பது

சீனப் பெருநாள்கள் பெரும்பாலும் சந்திரனைப் பார்த்து வருவதால் ஆங்கிலத் தேதி வருடா வருடம் தாவும். செங் பெங் அப்படி இல்லை. சித்திரை முதல் நாளைப் போல இதுவும் சூரியக் கணக்குதான். சீன நாட்காட்டி ஆண்டை 24 பருவங்களாகப் பிரிக்கிறது. அதில் வசந்த சம இரவு நாளுக்குச் சுமார் 15 நாள் கழித்து வரும் பருவம் இது. அதனால் ஏப்ரல் 4 அல்லது 5-ஐத் தாண்டுவது அபூர்வம். 2025-இல் 4-ஆம் தேதி வந்தது. 2026, 2027 இரண்டிலும் 5-ஆம் தேதி.

சீனாவில் 2008 முதல் இது பொது விடுமுறை. ஹாங்காங், மக்காவ், தைவானிலும் விடுமுறை உண்டு. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் கிடையாது. அதனால் முன்னே பத்து நாள், பின்னே பத்து நாள் என்று ஒரு சலுகை வைத்துக்கொண்டு, வசதியான சனி ஞாயிறில் போகிறார்கள். இறந்து அதிக நாள் ஆகாதவருக்கு என்றால் பல வீடுகளில் முன்னதாகவே போய்விடுவார்கள். இதையெல்லாம் நீங்கள் முடிவு செய்ய வேண்டியதில்லை. குடும்பத்தில் மூத்த ஆண், பெரும்பாலும் துவா பெக், அதாவது பெரியப்பா, தேதி சொல்வார். நேரமும் அவரே சொல்வார், அது எப்போதும் விடியற்காலையாகத்தான் இருக்கும். கடைசி வாரயிறுதியில் போனால் இடுகாட்டு வாசலிலேயே ஒரு மணி நேரம் காரில் உட்கார வேண்டியிருக்கும். முதல் வாரயிறுதியைக் கேட்டு வாங்குவது நல்லது.

சில வீடுகளில் கர்ப்பிணிகளை வர வேண்டாம் என்பார்கள். மாதவிலக்கு நாள் என்றாலும் சிலர் அப்படியே சொல்வார்கள். நமக்கும் பழகிய பேச்சுதான். வாதாடாமல் மாமியாரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

காகிதம் வாங்குவது, மடிப்பது

கல்லறையில் எரிக்கும் காகிதங்கள் வாங்க இரண்டு மூன்று வாரம் முன்பே பூசைப் பொருள் கடைக்குப் போக வேண்டும். அங்கே பட்டியல் இல்லாமல் நுழைந்தால் பர்ஸ் காலியாகும். அடிப்படையாக வேண்டியவை இவை:

- சிவப்பு மெழுகுவர்த்தி, ஊதுபத்தி
- கிம் ஜுவா, அதாவது பொன் தாள் ஒட்டிய காகிதம். இது தெய்வங்களுக்கு
- கின் ஜுவா, வெள்ளித் தாள் ஒட்டியது. இது இறந்தவர்களுக்கு
- மறுவுலக வங்கியின் நோட்டுக் கட்டுகள், காகித உடுப்பு
- கல்லறை மேட்டில் பரப்பும் பல வண்ணத் தாள்

பொன் தாளையும் வெள்ளித் தாளையும் மாற்றி வைத்துவிடக் கூடாது, புதிதாக வருபவர்கள் தடுமாறுவது இங்கேதான். கடைக்காரரிடம் “செங் பெங்குக்கு, இரண்டு பேருக்கு” என்று சொன்னாலே சரியாகக் கட்டித் தருவார். இறந்தவர் பெயரையும் கொடுப்பவர் பெயரையும் எழுதுவதற்கு இடம் விட்ட பெரிய காகிதப் பைகளும் விற்கிறார்கள். எழுத வேண்டிய விவரத்தைக் கணவரின் அப்பா அம்மாவிடமே விட்டுவிடுங்கள்.

வெள்ளித் தாளைப் பழைய காலத்து வெள்ளிக்கட்டி வடிவில் மடிக்க வேண்டும். மார்ச் மாத இரவுகளில் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்து பெண்கள் மடித்துக்கொண்டே இருப்பார்கள். ஒரு பெரிய குப்பைப்பை நிறைய வேண்டும். புது மருமகள் குடும்பக் கதைகளைக் கேட்க இதைவிட நல்ல இடம் கிடையாது. எந்தத் தாத்தாவுக்கு என்ன பிடிக்கும், யாருக்கும் யாருக்கும் பேச்சு இல்லை, எல்லாம் இங்கேதான் தெரியவரும்.

காகித ஐபோன், கார், மாடி வீடு எல்லாம் கிடைக்கின்றன. கட்டாயம் ஒன்றும் இல்லை. என்னைக் கேட்டால், தாத்தாவுக்குப் பழக்கமே இல்லாத போனைவிட ஒரு காகிதச் சட்டை மேல். ஆனால் பேரப்பிள்ளைகள் ஆசைப்பட்டு வாங்கினால் தடுக்காதீர்கள்.

படையலுக்குச் சாப்பாடு

முழுக் கோழி, அவித்தது. ஒரு துண்டு பன்றி இறைச்சி. கண்டோனிய வீடுகளில் மொறுமொறுவென்று வாட்டியது, பெரிய குடும்பம் என்றால் முழுப் பன்றிக்குட்டியே வரும். மீன், இல்லையென்றால் காய்ந்த கணவாய். அவித்த முட்டை. சிவப்பு ஆங் கூ குவே, மேலே பூப்போல வெடித்த ஹுவாட் குவே என்ற மாவுப் பலகாரங்கள். ஆரஞ்சு, ஆப்பிள், அன்னாசி. சீனத் தேநீர், அரிசி மது. இவை பொது. இதோடு இறந்தவருக்குப் பிடித்தது ஏதாவது கட்டாயம் இருக்கும். எங்கள் ஆ மா (பாட்டி) கோப்பி ஓ குடிப்பார், அதனால் கறுப்புக் காப்பி ஒரு பையில் கட்டிப் போகும்.

சைவம் சாப்பிடும் மருமகள், மருமகன் என்றால் கவலை வேண்டாம். பழமும் குவேயும் உங்கள் பொறுப்பு என்று வாங்கிக்கொள்ளுங்கள். கருணைத் தெய்வமான குவான் யின்னைக் கும்பிடும் பல சீன வீடுகளில் மாட்டிறைச்சி சமைப்பதே இல்லை, படையலிலும் வராது. அந்த வகையில் நமக்கும் அவர்களுக்கும் சண்டை இல்லை.

ஹொக்கியன் வீடுகளில் அன்றைக்குப் போப்பியாவும் செய்வார்கள். சங்குவாங் கிழங்கைச் சன்னமாகச் சீவி வதக்கி மெல்லிய தோலில் சுருட்டுவது. முதல் நாளே சீவி வைக்கும் வேலை பெரிது. அதற்கு ஆள் தேவைப்படும், கைகொடுத்தால் பெயர் வாங்கலாம்.

என்ன உடுத்துவது

மங்கலான நிறம், முழுக்கை, மூடிய காலணி. பளிச்சென்ற சிவப்பு வேண்டாம். தொப்பி, கொசு மருந்து, தண்ணீர் அவசியம். ஏப்ரல் வெயில் எட்டரை மணிக்கே தலையைப் பிளக்கும்.

கல்லறையைக் கண்டுபிடிப்பது

பினாங்கில் பத்து காந்தோங், மவுண்ட் எர்ஸ்கின் போன்ற பழைய இடுகாடுகள் மலைச்சரிவில் இருக்கின்றன. மலாக்காவின் புக்கிட் சீனாவில் சுமார் 12,000 கல்லறைகள். இப்படிப்பட்ட இடங்களில் வருடத்துக்கு ஒருமுறை மட்டும் போகிறவர்களுக்கு வழி மறந்துபோவது சகஜம். லாலாங் புல் இடுப்பளவு வளர்ந்து அடையாளத்தையெல்லாம் மறைத்திருக்கும். போன முறை எடுத்த படத்தைக் கைப்பேசியில் வைத்துக்கொள்ளுங்கள். வரிசை எண், பக்கத்துக் கல்லறையின் நிறம், அருகில் உள்ள மரம், மூன்றும் படத்தில் இருந்தால் நல்லது.

நடக்கும்போது அடுத்தவர் கல்லறையின் மேட்டை மிதிக்காமல் ஓரமாகப் போங்கள். வேறு வழியே இல்லை என்றால் மெதுவாக மன்னிப்புச் சொல்லிவிட்டுத் தாண்டுவார்கள். கல்லறையை விரலால் சுட்டிக்காட்டக் கூடாது. படம் எடுக்க வேண்டுமென்றால் முதலில் கேளுங்கள்.

சுத்தம் செய்வது

இதுதான் நாளின் பெரிய வேலை. புதிதாக வந்தவர் நல்ல பெயர் வாங்குவதும் இங்கேதான், ஏனென்றால் இதற்கு மொழி தேவையில்லை.

முதலில் கல்லறையின் அமைப்பைத் தெரிந்துகொள்ளுங்கள். பழைய சீனக் கல்லறை மேலிருந்து பார்த்தால் கைவைத்த நாற்காலி போல இருக்கும். நடுவில் பெயர் செதுக்கிய கல். அதன் பின்னால் மண்மேடு, உடல் இருப்பது அங்கே. இரண்டு பக்கமும் வளைந்து வரும் கரை. முன்னால் படையல் வைக்கும் மேடையும் ஒரு சிறு முற்றமும். பக்கவாட்டில் இன்னொரு குட்டிக் கல் இருக்கும். அது அந்த மண்ணைக் காக்கும் தெய்வத்துக்கு உரியது. அதையும் சேர்த்துத்தான் சுத்தம் செய்ய வேண்டும், மறந்துவிடாதீர்கள்.

பாராங் கத்தியால் புல்லை வெட்டி, மேட்டில் முளைத்த செடிகளைப் பிடுங்குவார்கள். சிறு செடி என்றால் பிடுங்கலாம். வேர் விட்ட மரக்கன்று என்றால் அடியோடு வெட்டுங்கள், சாங்குல் (மண்வெட்டி) போட்டுத் தோண்டாதீர்கள். மேட்டைக் கிளறுவது யாருக்கும் பிடிக்காது. மழையில் கரைந்திருந்தால் பக்கத்திலிருந்து கொஞ்சம் மண் அள்ளிப்போட்டுத் தட்டிவிடுவார்கள். குச்சியால் புல்லைத் தட்டிப் பார்த்துவிட்டுக் கையை வையுங்கள். செவ்வெறும்பும் குளவியும் அங்கே நிரந்தரக் குடியிருப்பு, பாம்பும் இருக்கலாம்.

அப்புறம் வடிகாலில் அடைத்த சருகை எடுப்பது. பூச்சாடிகளில் தேங்கிய தண்ணீரைக் கொட்டுவது. டெங்கிக் கொசு அதில்தான் வளரும், சாடியில் மணல் போட்டுவிடுவது மேல். அதன்பின் கல்லைத் தேய்த்துக் கழுவ வேண்டும். தண்ணீர்க் குழாய் தொலைவில் இருக்கும், வீட்டிலிருந்தே இரண்டு மூன்று பெரிய புட்டிகளில் கொண்டு போங்கள். இடுகாட்டிலேயே கூலிக்குப் புல் வெட்டுபவர்கள் காத்திருப்பார்கள். வயதானவர்கள் மட்டும் வரும் குடும்பங்களுக்கு அது உதவி. வேலையை முடித்துவிட்டுக் காசு கேட்டுச் சண்டை வராமல் இருக்க, தொடங்கும் முன் தொகையைப் பேசிவிடுங்கள்.

கல் காய்ந்ததும் எழுத்துக்கு வண்ணம் பூசுவார்கள். சன்னமான தூரிகையால் செதுக்கிய பள்ளத்துக்குள் மட்டும் பூச வேண்டும். சீன எழுத்து வாசிக்கத் தெரியாவிட்டாலும் இதைச் செய்யலாம், ஆனால் எந்த நிறம் எந்த வரிக்கு என்று கேட்காமல் தொடாதீர்கள். கணவன் மனைவிக்குச் சேர்த்துக் கட்டிய இரட்டைக் கல்லறையில், இன்னும் உயிரோடிருப்பவர் பெயர் சிவப்பில் இருக்கும். அதன்மேல் வேறு நிறம் பூசினால் என்ன அர்த்தமாகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

கல்லில் நடு வரியில் இறந்தவர் பெயர், மேலே அவர் குடும்பம் சீனாவில் எந்த ஊரிலிருந்து வந்தது என்ற விவரம், ஓரத்தில் பிள்ளைகள், பேரன்கள் பெயர். உங்கள் கணவர் பெயர் எங்கே இருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். மாமனாருக்கு அன்றைய நாள் முழுக்க முகம் மலர்ந்திருக்கும்.

கடைசியாக வண்ணத் தாள்கள். மேடு முழுக்கப் பரப்பி, பறக்காமல் ஒவ்வொன்றிலும் ஒரு சிறு கல்லோ மண்ணாங்கட்டியோ வைப்பார்கள். வீட்டுக்குப் புதுக் கூரை போடுவது போல என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. இந்த வீட்டுக்குப் பிள்ளைகள் வந்து போனார்கள் என்று அக்கம்பக்கத்துக்குத் தெரியவும் அதுவே அடையாளம்.

மண்ணின் தெய்வத்துக்கு முதலில்

எவ்வளவு பசியோடு ஆ கோங் (தாத்தா) காத்திருந்தாலும் முதல் ஊதுபத்தி அவருக்கு இல்லை. பக்கவாட்டில் இருக்கும் குட்டிக் கல்லின் முன்னால் தேநீர், கொஞ்சம் பழம், இரண்டு மெழுகுவர்த்தி வைத்து, மூன்று ஊதுபத்தி ஏற்றிக் கும்பிட வேண்டும். இத்தனை நாள் இடத்தைக் காத்ததற்கு நன்றி, இன்றைக்கு நாங்கள் வந்திருக்கிறோம், எங்கள் ஆட்களைச் சாப்பிட வரவிடுங்கள் என்பதுபோல ஏதாவது சொல்வார்கள். பொன் தாள் இவருக்குத்தான்.

முன்னோருக்குப் படையல்

இப்போது பெரிய கல்லின் முன்னால் சாப்பாட்டைப் பரப்பலாம். கிண்ணமும் சாப்ஸ்டிக்கும் தேநீர்க் கோப்பையும் மதுக் கோப்பையும் ஆளுக்கு ஒரு செட். அவர்கள் கைக்கு எட்டும்படி கல்லின் பக்கம் வைப்பார்கள், இறைச்சி நடுவில், பழமும் குவேயும் அடுத்து.

மூத்தவர் முதலில் ஊதுபத்தி ஏற்றுவார். பெயர் சொல்லி அல்ல, உறவுமுறை சொல்லிக் கூப்பிடுவார்: “அப்பா, அம்மா, வந்து சாப்பிடுங்கள்.” யார் யார் வந்திருக்கிறார்கள், யாருக்குக் குழந்தை பிறந்தது, யார் வேலை மாறினார்கள் என்று செய்தி சொல்வார். வயது வரிசைப்படி ஒவ்வொருவராக வருவார்கள். மூன்று முறை குனிந்து வணங்குவது வழக்கம், சில வீடுகளில் மண்டியிட்டுத் தலை தரையில் படும். ஊதுபத்தி எத்தனை என்பது வீட்டுக்கு வீடு வேறு, முன்னால் இருப்பவர் கையைப் பாருங்கள்.

புது மருமகளை, மருமகனை இந்த நேரத்தில்தான் அறிமுகம் செய்வார்கள். உங்களையும் ஏதாவது சொல்லச் சொன்னால் தமிழிலேயே சொல்லுங்கள். நான் அப்படித்தான் சொல்கிறேன், யாரும் குறை சொன்னதில்லை.

சாப்பிட்டு முடித்தார்களா என்று கேட்பது

ஊதுபத்தி பாதிக்குமேல் எரியும் வரை காத்திருக்க வேண்டும். தேநீரையும் மதுவையும் நடுநடுவே ஊற்றிக்கொடுப்பார்கள். பிறகு மூத்தவர் இரண்டு நாணயங்களைக் கைக்குள் குலுக்கி, சாப்பிட்டாயிற்றா என்று கேட்டுவிட்டுத் தரையில் போடுவார். ஒன்று ஒரு பக்கமும் மற்றது மறுபக்கமும் விழுந்தால் ஆயிற்று என்று பொருள். இரண்டும் ஒரே பக்கம் விழுந்தால் இன்னும் இல்லை. கொஞ்சம் பொறுத்து மறுபடி போட வேண்டும். வெயில் ஏற ஏற இந்தக் காசுகள் பிடிவாதம் பிடிக்கும். அப்போது ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள்: மது போதவில்லை, சின்னவன் இன்னும் கும்பிடவில்லை, காப்பியில் சர்க்கரை இல்லை. குறையைச் சரிசெய்துவிட்டுத் திரும்பப் போடுவார்கள்.

எரிப்பது

சம்மதம் கிடைத்த பிறகுதான் காகிதங்களை எரிக்கலாம். மடித்த வெள்ளிக்கட்டிகள், நோட்டுகள், உடுப்புகள் எல்லாம் ஒரே குவியல். இரும்புப் பீப்பாய் இருந்தால் அதில் போடுங்கள், சுற்றிலும் காய்ந்த புல் இருக்கும்போது தரையில் எரிப்பது ஆபத்து. குவியலைச் சுற்றித் தேநீரோ மதுவோ ஊற்றி வட்டம் போடுவார்கள். ஆளில்லாமல் அலையும் ஆவிகள் நடுவில் புகுந்து எடுத்துக்கொள்ளாமல் இருக்க இந்த வேலி. எரியும்போது குச்சியால் குத்திக் கிளறாதீர்கள், கிழிந்த நோட்டுச் செல்லாது என்பார்கள். அணையும் வரை ஒருவராவது நிற்க வேண்டும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இந்த நாளின் பழைய வேர் நெருப்பே மூட்டாத ஒரு நோன்பில் இருக்கிறது. கி.மு. 7-ஆம் நூற்றாண்டில் ஜின் நாட்டு இளவரசர் நாடுகடத்தப்பட்டு அலைந்தபோது, ஜியே சித்துயி என்ற உதவியாளர் தன் தொடையை அறுத்துச் சமைத்துப் பசியாற்றினார் என்பது கதை. அரசரான பின் அவரை மறந்துபோனார் இளவரசர். பிறகு நினைவு வந்து தேடியபோது, அவர் தாயோடு மலைக்காட்டில் ஒதுங்கியிருந்தார். வெளியே வரவழைக்கக் காட்டுக்குத் தீ வைத்தார்கள். இருவரும் வெளியே வராமலே கருகிப்போனார்கள். அந்தத் துக்கத்துக்காக அடுப்பு மூட்டாமல் ஆறிய உணவை உண்ணும் நாள் வந்தது. தாங் வம்சத்துப் பேரரசர் சுவான்சோங் 732-இல், அந்த நாளில் கல்லறைக்குப் போவதை முறைப்படி ஏற்றுக்கொண்டார். அது செங் பெங்குக்கு முந்திய நாளில் வந்ததால் காலப்போக்கில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. இன்றைக்கோ வருடத்தில் அதிகமாகத் தீ எரியும் நாள்களில் இது ஒன்று.

சாப்பிட்டு, திரும்புவது

நாம் கெராங் என்று சொல்லும் மட்டியைக் கொதிநீரில் காட்டி எடுத்துவந்து, அங்கேயே உட்கார்ந்து தின்றுவிட்டு ஓடுகளை மேட்டின் மேல் தூவுவது பினாங்கிலும் சிங்கப்பூரிலும் பல ஹொக்கியன், தியோச்சூ குடும்பங்களின் பழக்கம். அந்த ஓடுகள் காசுக்குச் சமம் என்பார்கள். மற்ற உணவைக் கொஞ்சம் அங்கே உண்டு, மீதியை வீட்டுக்குக் கொண்டுபோய் எல்லாரும் சேர்ந்து சாப்பிடுவார்கள். பிளாஸ்டிக் பை, புட்டி எதையும் விட்டுவிட்டு வராதீர்கள். திறந்த உணவை அப்படியே விட்டால் குரங்குகள் கல்லறையைக் களேபரம் செய்துவிடும்.

வீட்டுக்குள் நுழையும் முன் பம்ப்ளிமாஸ் இலையோ பூவோ போட்ட தண்ணீரில் முகம் கை கழுவுவது வழக்கம். உடனே குளித்து உடுப்பு மாற்றுங்கள், புகைவாடை போக எப்படியும் அது வேண்டும்.

அஸ்திக் கூடம் என்றால்

இப்போது நிறையப் பேர் எரியூட்டுகிறார்கள். சிங்கப்பூரில் புதிதாகப் புதைப்பதற்குத் திறந்திருப்பது சுவா சூ காங் ஒன்றுதான். அங்கேயும் 1998 முதல் 15 ஆண்டுகளுக்குத்தான் இடம். புக்கிட் பிரவுன் இடுகாட்டை 1973-இலேயே மூடிவிட்டார்கள், பின்னர் 3,000-க்கும் மேற்பட்ட கல்லறைகளைத் தோண்டி எடுத்து அதன் வழியே சாலையும் போட்டார்கள். அஸ்திக் கூடத்தில் புல்லும் இல்லை, பெயிண்டும் இல்லை. சின்னக் கதவைத் துணியால் துடைத்து, பூ வைத்து, கீழே பொது மேசையில் படையலை முடித்து, பொது உலையில் காகிதம் எரித்துவிட்டு வரலாம். நேரக் கட்டுப்பாடு இருக்கும், சில இடங்களில் முன்பதிவும் வேண்டும். மண்ணின் தெய்வத்துக்கு முதல் மரியாதை என்ற வரிசை மட்டும் இங்கேயும் மாறாது, அதற்கென்று ஒரு மாடம் இருக்கும்.

உங்கள் சமயம் வேறு என்றால்

இந்துவாகப் பிறந்தவர்களுக்கு இதில் பெரிய நெருடல் இருப்பதில்லை. கத்தோலிக்கர்களுக்கும் வழி உண்டு: சீனர்கள் முன்னோருக்குச் செய்யும் மரியாதையை 1939-இல் போப் பன்னிரண்டாம் பயஸ் காலத்தில் திருச்சபை அனுமதித்தது. புராட்டஸ்டண்ட் குடும்பங்களில் பலர் ஊதுபத்தி பிடிப்பதில்லை. பூங்கொத்து வைத்து, தலைகுனிந்து நின்று, தங்கள் முறையில் செபிப்பார்கள். ஊதுபத்தி பிடிக்க மனமில்லை என்றால் முதல் நாளே கணவரிடமோ மனைவியிடமோ சொல்லி, அவர் வழியாகப் பெரியவர்களுக்குச் சொல்லிவிடுங்கள். கல்லறை முன்னால் நின்றுகொண்டு கையை இழுத்துக்கொள்வதுதான் மனக்கசப்பைக் கொண்டுவரும். புல்லை வெட்டி, கல்லைக் கழுவி, குழந்தைகளைப் பார்த்துக்கொண்டவரை யாரும் ஊதுபத்தி எண்ணிக் கணக்குக் கேட்பதில்லை.

செலவுக் கணக்கு அன்று மாலை வாட்சப்பில் வந்துவிடும். கோழி, காகிதம், கூலி எல்லாம் சேர்த்து அண்ணன் தம்பி வீடுகளுக்குள் சமமாகப் பிரிப்பது எங்கள் பக்க வழக்கம். வெளியூரில் இருந்து வர முடியாதவர்களும் தங்கள் பங்கை அனுப்பிவிடுவார்கள். பணத்தை அன்றைக்கே கட்டிவிடுங்கள். பாராங் கத்தி யார் வீட்டில் இருக்கிறது என்பதையும் குழுவில் எழுதி வையுங்கள்.